இல்லாத மாட்டுக்கு வைத்த கழனிப்பானை

எங்கள் வீட்டில் ஒரு செவலை மாடு இருந்தது. தெருவில் எல்லோருக்கும் அதைத் தெரியும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, சாதுவான குணம், எலுமிச்சைத் தோல் ஆகாது, வாழைப்பழத் தோல் என்றால் உயிர். அதற்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அப்படி ஒரு மாடு எங்களிடம் கிடையாது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். கடத்தூரில் கடைசித் தெரு எங்களுடையது. அப்பா பெங்களூரில் கிரானைட் கல் அறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வருவார். அந்த வருடம் பொங்கலுக்கு இருமிக்கொண்டே வந்தார். பொங்கல் முடிந்தது, இருமல் முடியவில்லை. தருமபுரிப் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "இனிமே கல்லுத் தூசிக்குள்ள போவாதீங்க. போனா நெஞ்சு தாங்காது" என்றார். அப்பா, "ஆமாங்க" என்றார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருக்கு யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல வராது. மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பதற்குள் பெங்களூர் மேஸ்திரி போன் செய்தார். "ஒடம்பு தேறினதும் வந்துடுவ இல்ல?" என்று கேட்டிருப்பார் போல. அப்பா, "ஆமாங்க" என்றார். வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்ததும் அம்மா, "நீங்க இனிமே பெங்களூரு பக்கமே போவக் கூடாது" என்றாள். அதற்கும் அப்பா, "ஆமா" என்றார். மூன்று பேருக்கும் ஒரே பதில். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. எதிரில் நிற்கிறவர் முகம் வாடக் கூடாது என்பதற்கு மேல் அவருக்கு எந்தக் கொள்கையும் கிடையாது.

ஆனால் அம்மாவுக்குத் தெரியும். வீட்டில் அரிசி தீர்ந்தால் அப்பா ஒரு நாள் விடியற்காலையில் பஸ் ஏறிவிடுவார். ஏறினால் திரும்பி வருவாரோ மாட்டாரோ. அதனால் எங்கள் மானாவாரிக் காடு விளைந்தாக வேண்டும் என்று அம்மா முடிவு செய்தாள்.

விளைவதற்கு அது காடு மாதிரி இருக்க வேண்டுமே. பாகம் பிரித்தபோது கிணற்றோடு சேர்ந்த நிலம் சித்தப்பாவுக்குப் போனது. எங்களுக்கு வந்தது மேட்டுக்காடு. கடப்பாரையைப் போட்டால் மண் பெயராது, நெருப்புப் பொறி பறக்கும். பங்கு பேசிய அன்று அப்பாவிடம், "இது உனக்குச் சம்மதந்தான?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அம்மா சித்தப்பா வீட்டு வாசலில் நின்று, "இனிமே இந்த வாசப்படிய நான் மிதிச்சா ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த தெருதான் சித்தப்பா வீடு. அம்மா ரேஷன் கடைக்குக்கூட அந்த வழியாகப் போவதில்லை. பிடித்தால் உடும்புப் பிடி.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் மூலையில் காய்த் தோல் கொட்டுவோம். அந்த இடத்தில் மட்டும் தக்காளி தானாக முளைத்துத் தானாகக் காய்க்கும். அம்மா ஒரு நாள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவிடம் வந்து, "மண்ணு இல்லாட்டி என்னா? மண்ணப் பண்ணிக்கலாம்" என்றாள். மண்ணைப் பண்ண முடியுமா என்று நான் கேட்டேன். "ஏன், தோசைதான் பண்ண முடியுமா?" என்று அம்மா கேட்டாள்.

ஒரு வீட்டுக் காய்த் தோலில் ஒரு காட்டை மூட முடியாது. தெருவே கொடுத்தால்தான் உண்டு. அம்மா முதலில் உண்மையைத்தான் சொன்னாள். காலி பெயிண்ட் வாளிகளைக் கழுவி வீட்டுக்கு ஒன்று கொடுத்து, "காய்த் தோலு, பழத் தோலு, டீத்தூளு, மீந்த சோறு இது மட்டும் போடுங்க. கவரு வேணாங்க. காட்டுக்கு ஒரம் போடணும்" என்றாள். எல்லோரும், "அதுக்கென்னாங்க" என்றார்கள்.

மறுநாள் வாளிகளைத் திறந்தால், காய்த் தோலைத் தவிர எல்லாம் இருந்தது. ஷாம்பு பாக்கெட், கொசுவத்திச் சாம்பல், உடைந்த பல்பு, குழந்தைக்குக் கட்டிப் போட்ட டயப்பர். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. குப்பை என்றால் குப்பைதானே, அதில் என்ன நல்லது கெட்டது? பேரூராட்சியில் அதற்கு முன்பே வீட்டுக்கு இரண்டு டப்பா கொடுத்திருந்தார்கள். பச்சையில் மக்கும் குப்பை, சிவப்பில் மக்காத குப்பை என்று வண்டியில் பாட்டுப் போட்டுச் சொன்னார்கள். எங்கள் தெருவில் பச்சை டப்பாவில் ராகி மாவு இருந்தது. சிவப்பு டப்பாவில் துணி ஊறியது. இரண்டு குப்பையும் ஒரே கவரில் முடிச்சுப் போட்டுத் தெருக்கோடி ஓடையில் கிடந்தது.

அம்மா விடவில்லை. பின்பக்கம் உட்கார்ந்து வாளி வாளியாகக் கொட்டிப் பொறுக்கினாள். ஒரு நாள் தேங்காய் நாருக்குள் கிடந்த பிளேடு அவள் விரலைப் பிளந்தது. ரத்தம் நிற்கவே இல்லை. அப்பா துணியைச் சுற்றிக்கொண்டே, "நான் வேணும்னா பெங்களூரு..." என்று ஆரம்பித்தார். அம்மா பார்த்த பார்வையில் வாக்கியம் அங்கேயே நின்றது.

விரல் கட்டோடு மறுநாளும் வாளி தூக்கப் போனாள். தெருமுனையில் மெஸ் நடத்தும் அத்தை ஒருவர் இருந்தார். உறவுக்கு அத்தை இல்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக மெஸ்ஸை நடத்தி வந்தார். தெருவிலேயே அதிகமாகக் காய் நறுக்கும் இடம் அதுதான். அவர் அம்மாவைப் பார்த்து, "என்னாங்க, தெனமும் வாளி தூக்கறீங்க. மாடு கீடு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

அம்மா கையிலிருந்த வாளியைப் பார்த்தாள். கட்டுப்போட்ட விரலைப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள். அப்பாவின் வார்த்தை அம்மாவின் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அடடே, மொதல்லியே சொல்ல வேணாமா?" என்று அத்தை பதறிப்போனார். "நான் முட்டை ஓடெல்லாம் போட்டு வெச்சிருக்கனே!"

எங்கள் பக்கத்தில் தெருவெல்லாம் மாடு இருந்த காலத்தில், மாடு இல்லாத வீட்டிலும் கழனிப்பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், காய்த் தோல், மீந்த கஞ்சி எல்லாம் அதில் சேரும். மாடு வைத்திருப்பவர்கள் சாயங்காலம் வந்து எடுத்துப் போவார்கள். இதற்குக் காசு கிடையாது. மாடு கன்று போட்டால் கழனி வைத்த வீடுகளுக்கெல்லாம் ஒரு சொம்பு சீம்பால் வந்துவிடும். அவ்வளவுதான். ஆனால் கழனிப்பானையில் ஆகாததைப் போடுவது பாவம். வாயில்லா ஜீவன் குடிக்கிறது. அதைச் சின்னப் பிள்ளைக்குக்கூட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் வாளிகளைத் திறந்து பார்த்த அம்மா சிரித்துவிட்டாள். காய்த் தோல் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. கொத்தமல்லிக் கட்டின் ரப்பர் பேண்டை அவிழ்த்திருந்தார்கள். மிளகாய்க் காம்பைத் தனியாக எடுத்திருந்தார்கள். மாட்டுக்குப் பல் கூசும் என்று எலுமிச்சை மூடியை ஒரு வீட்டில் விலக்கி வைத்திருந்தார்கள். வண்டியில் பாட்டுப் போட்டுச் சொல்லி நடக்காதது, இல்லாத ஒரு மாட்டால் ஒரே ராத்திரியில் நடந்தது.

இன்னொன்றும் நடந்தது. ஈரக் குப்பை தனியாகப் போய்விட்டதால் மிச்சக் குப்பை நாறவில்லை. பால் கவரும் எண்ணெய் கவரும் காய்ந்து தனியாகக் கிடந்தன. நாறாத பொருளை ஓடையில் எறிய யாருக்கும் மனம் வரவில்லை. பழைய இரும்புக்காரரிடம் போட ஆரம்பித்தார்கள். பால் கவரில் கொஞ்சத்தை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி, கொட்டை ஊன்றி, பப்பாளி நாற்று விட்டாள். ஓடைப் பக்கம் நாய்கள் சண்டை போடுவது குறைந்தது. கொசு குறைந்தது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. நல்லது நடக்கும்போது எங்கள் தெரு அப்படித்தான், பேசாமல் இருந்துவிடும்.

அப்பா பழைய மொபெட்டில் இரண்டு பக்கமும் வாளி தொங்க மேட்டுக்காட்டுக்கு ஓட்டுவார். காட்டின் மூலையில் குழி வெட்டியிருந்தோம். ஒரு அடுக்குக் காய்த் தோல், ஒரு அடுக்குப் புங்கஞ் சருகு, மேலே ஒரு கை மண், அதன்மேல் சாணி கரைத்த தண்ணீர். கொஞ்ச நாள் கழித்து அப்பா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளறிவிடுவார். கிளறினால் ஆவி வரும். கையை வைத்துப் பார்த்தால் காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி சுடும். மெதுவாக அதன் நாற்றம் போய், மழை பெய்த மண்ணின் வாசனை வர ஆரம்பித்தது. அப்பா ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். இருமவில்லை.

சாணிக்குத்தான் திண்டாட்டம். சந்தைக்கு ஓட்டிப்போகும் மாடுகள் தெருவில் போட்டுவிட்டுப் போவதைக் கூடையில் அள்ளுவோம். ஒரு நாள் தெருக்கோடி வீட்டு அக்கா பார்த்துவிட்டார். "ஏங்க, வூட்ல மாட்ட வெச்சிக்கினு ரோட்ல சாணி பொறுக்கறீங்க?" என்று கேட்டார். நான் கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அம்மா நிமிரக்கூட இல்லை. "எங்க மாடு பத்தாதுங்க, காடு பெருசு" என்றாள். அந்த அக்கா, "அதுவுஞ் சரிதான்" என்று சொல்லி, ஓரமாகக் கிடந்த இன்னொன்றையும் காட்டிவிட்டுப் போனார்.

பொய் சொல்வதில் அம்மா அளவோடு இருந்தாள். அளவு தெரியாமல் போனது அப்பாவுக்குத்தான். டீக்கடையில் யாரோ அவரிடம், "மாடு சினையா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமாங்க." "எத்தினி மாசம்?" இதற்கு ஆமாங்க என்று சொல்ல முடியாதே என்று அப்பா திகைத்து நின்றிருக்கிறார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரே, "ஒரு ஆறு மாசம் இருக்குமா?" என்று கைகொடுத்திருக்கிறார். "ஆமாங்க" என்று சொல்லி அப்பா தப்பித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, "நம்ப மாடு சினையாம்" என்று எங்களிடம் சேதி சொன்னார், யாரோ அவருக்குச் சொன்னது போல.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என்னைத் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "பாப்பா, மாடு எப்பக் கண்ணு போடும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் அம்மா சொல்லித்தந்தபடி, "தெரியலீங்க, அம்மாவக் கேளுங்க" என்று சொல்லி ஓடிவிடுவேன்.

இதையெல்லாம் இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வராத ஒன்றும் அதற்குள் இருந்தது. அமாவாசை தோறும் மெஸ் அத்தை குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருவார். கையில் அகத்திக்கீரைக் கட்டு இருக்கும். அதைக் கண்ணில் ஒற்றி அம்மாவிடம் கொடுத்து, "எங்கூட்டுக்காரர நெனச்சிக் குடுக்கறது. உங்க கையாலயே மாட்டுக்குக் குடுத்துடுங்க" என்பார். முதல் தடவை அம்மா வேண்டாம் என்று சொல்லத்தான் பார்த்தாள். அத்தையின் ஈரத் தலையைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். வேறு மாடு தேடிப் போகலாம் என்றால், கைக்கெட்டும் தூரத்தில் மாடு இருந்தது சித்தப்பா வீட்டில் மட்டும்தான். காட்டுக்குப் போனதும் அம்மா அந்தக் கீரையைக் குப்பைக் குழியின் மேல் பிரித்து வைத்துக் கை கூப்பினாள். பிறகு மண்ணைத் தள்ளி மூடினாள். குப்பையை எதற்குக் கும்பிடுகிறாள் என்று நான் நினைத்தேன்.

ஆடி பிறந்தது. பாதிக் காட்டுக்கு உரம் பரப்பியாகிவிட்டது. மீதிப் பாதி வெறும் சரளையாகக் கிடந்தது. மேஸ்திரியிடமிருந்து போன் வருவது அதிகமாகியிருந்தது. ஆயுத பூஜைக்கு மேல் பெரிய வேலை இருக்கிறதாம். அப்பா ஒவ்வொரு போனுக்கும் ஆமாங்க போட்டுக்கொண்டிருந்தார். ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். மீதிக் காட்டுக்கும் மண் சேர்ந்தால் அப்பா இங்கே, சேராவிட்டால் பெங்களூரில் என்று அம்மா மனதுக்குள் கோடு போட்டிருந்தாள். எல்லாம் மெஸ் வாளியை நம்பித்தான்.

அந்த நேரம் பார்த்து ரேஷன் கடை வரிசையில் யாரோ சித்தியிடம், "உங்க அக்கா வூட்டு மாடு கண்ணு போட்டுதா?" என்று கேட்டுவிட்டார்கள். சித்தி, "அவுங்களுக்கு ஏது மாடு? மாடு நிக்கறது எங்க வூட்லதான்" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. வரிசையில் பின்னால் நின்றது மெஸ் அத்தை.

நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே வேடிக்கை பார்க்க நான்கைந்து பேர். "மாடு எங்கங்க?" என்று கேட்டார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "மாடு இல்லீங்க."

"அப்ப நான் மாசா மாசம் குடுத்த கீரை?"

"எரு கூடப் போட்டன். மண்ணோட மண்ணாப் போச்சிங்க."

அத்தை எங்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. "அவருக்குக் குடுத்ததுங்க அது" என்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அம்மாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. "குப்பைக்குப் பொய் சொன்னதுக்கு நான் வருத்தப்படலீங்க. இன்னொருக்கா வேணும்னாலும் சொல்லுவன். கீரைய வாங்கனது தப்புங்க. பெரிய தப்பு" என்றாள்.

கூட்டத்திலிருந்து தெருக்கோடி அக்கா, "எனக்கெல்லாம் மொதல்லியே தெரியும். மாடு இருக்கற வூட்ல ஒரு சாணி வாசம் கூடவா அடிக்காது?" என்று சிரித்தார். தெரிந்துமா இத்தனை நாள் போட்டீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, "எங்கூட்டு முன்னாடி ஓடை நாத்தம் நின்னுதே. மாடு தின்னா என்னா, மண்ணு தின்னா என்னா?" என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். மெஸ் அத்தை எழுந்து யாரையும் பார்க்காமல் நடந்தார். மறுநாள் மெஸ் வாசலில் வாளி இல்லை.

ஆடி அமாவாசை வந்தது. செத்துப்போனவர்களுக்குச் செய்கிறவர்கள் எந்த அமாவாசையை விட்டாலும் அதை விடமாட்டார்கள். விடிந்ததும் அம்மா தலைக்குக் குளித்தாள், என்னையும் குளிக்கச் சொன்னாள். மெஸ்ஸுக்குப் போனோம். அத்தை அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"கீரை வாங்கிட்டீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"வாங்கனா யாருக்குக் குடுக்கறது, உங்க குழிக்கா?"

"மாட்டுக்குத்தாங்க. நான் தொடலை. நீங்களே வந்து உங்க கையால குடுங்க."

அத்தை கொதித்த குழம்பைக் கிளறி மூடினார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் கீரைக் கட்டை எடுத்துக்கொண்டார். அம்மா முன்னால் நடந்தாள். ரேஷன் கடைக்குக்கூடப் போகாத அந்தத் தெருவில் திரும்பினாள். சித்தப்பா வீட்டு வாசலுக்கு வந்ததும் நான் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. வாசல்படியை மிதித்தது, தாண்டியது, உள்ளே போனது.

சித்தி விளக்குமாறும் கையுமாக அப்படியே நின்றார். "இவுங்க மாட்டுக்குக் கீரை குடுக்கணுங்க" என்றாள் அம்மா. கொழுந்தனார் பெண்டாட்டியை 'ங்க' போட்டுப் பேசினாள். சித்தி கொட்டகைப் படலைத் திறந்துவிட்டார். உள்ளே நிஜமான மாடு நின்றது. கறுப்பு. சுட்டியெல்லாம் இல்லை. அத்தை கீரையை நீட்டினார். அது நாக்கைச் சுழற்றி வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மென்றது. அத்தை அதன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அழுதார். அம்மா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது சித்தியின் கண் அம்மாவின் இடுப்புக்குப் போனது. அங்கே ஒரு காலிக் கூடை இருந்தது. அம்மா அதை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தாள். அதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. சித்தியும் கேட்கவில்லை. மூலையில் குவித்திருந்த சாணியைக் காலால் காட்டி, "தெனமும் இது கெடக்குது. அள்ளிப் போடறதுக்குத்தான் ஆளில்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா குனிந்து அள்ள ஆரம்பித்தாள். மறுநாள் மெஸ் வாசலில் வாளி திரும்ப வந்துவிட்டது. அதில் முட்டை ஓடுகூட இருந்தது. மண்ணுக்கு ஆகும் என்று அம்மாதான் சொல்லியிருந்தாள்.

விதைத்தது அவரையும் ராகியும். ஆனால் மழை விழுந்ததும் முந்திக்கொண்டு முளைத்தவை நாங்கள் விதைக்காதவை. தெருவே தின்று போட்ட விதை எல்லாம் எருவோடு வந்திருந்தது. தக்காளி, பாகல், பறங்கி. பறங்கிக் கொடி பாறையைக்கூட விடாமல் ஏறியது. அம்மா ஒன்றையும் பிடுங்க விடவில்லை. காய் முற்றியதும் மொபெட்டில் ஏற்றிவந்து வீடு வீடாக வைத்தாள். "மாடுதான் கண்ணு போடல. சீம்பாலுக்குப் பதிலா இத வெச்சிக்கோங்க. உங்க வூட்டு வெதைதான்" என்றாள். மெஸ் அத்தைக்கு இருப்பதிலேயே பெரிய காய். அன்றைக்கு மெஸ்ஸில் பறங்கிக்காய்க் குழம்பு. சித்தி வீட்டுச் சுற்றுச்சுவர் மேலும் ஒரு காய் உட்கார்ந்திருந்தது. யார் வைத்தது என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் மேஸ்திரியே நேரில் வந்துவிட்டார். நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அவர் நல்லவர்தான், வரும்போது எனக்கு பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். "ஆளு தேறிட்ட மாதிரி இருக்கற. நாளைக்குக் காலையில வண்டி. வர்ற தான?" என்று அப்பாவைக் கேட்டார்.

அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். மேஸ்திரிக்கு ஆற்றிய டீ அவள் கையிலேயே இருந்தது. அப்பா வாயைத் திறந்தார். எனக்குப் பதில் தெரியும். எங்கள் தெருவுக்கே தெரியும்.

"இல்லீங்க" என்றார் அப்பா.

மேஸ்திரி காதில் விழாதது போல, "என்னா?" என்றார்.

"இல்லீங்க. காட்டுல வேலை இருக்குது" என்று சொல்லிவிட்டு, பெரிய சுமையை இறக்கி வைத்தவர் போல அப்பா மூச்சு விட்டார். மேஸ்திரி டீயைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். வாசல்வரை போய், அரைப் பறங்கிக்காயை அவர் கையில் கொடுத்து அனுப்பினோம்.

மறுநாள் காலையில் குப்பை வண்டி வந்தது. எங்கள் வீட்டில் அதற்குக் கொடுக்க வழக்கமாக ஒன்றும் இருக்காது. அன்றைக்கு அம்மா பரண்மேலிருந்து அப்பா பெங்களூருக்குக் கொண்டுபோகும் நீலநிறப் பையை எடுத்து வந்தாள். கிழியாத பை. ஜிப் நன்றாக ஓடும். மழைக்குக்கூடத் தண்ணீர் இறங்காது. எனக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொடு என்று நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். வண்டியோடு வந்த அக்காகூட, "நல்லாத்தான இருக்குதுங்க, எதுக்குப் போடறீங்க?" என்று கேட்டார். "எங்க வூட்டுக்கு ஆவாதுங்க. வேணும்னா நீங்க எடுத்துக்கோங்க" என்று சொல்லி, அம்மா அதை வண்டியில் வைத்துவிட்டாள்.

நான் அன்று முழுக்கச் சாப்பிடாமல் அழுதேன். ரப்பர் பேண்டைக்கூடக் கழுவிக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி வைக்கிறவள், பால் கவரில் பப்பாளி வளர்க்கிறவள், ஒரு நல்ல பையை இப்படித் தூக்கிக் கொடுப்பாளா? அவளுக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பி மறையும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.